டேங்க் வேலை நடந்த வருஷம்: நம்ம குடியிருப்போர் சங்க செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. கமிட்டி கூட்டம் மாசா மாசம் தவறாம நடந்துச்சு, தெருவிளக்கு, குப்பை வண்டி, பொங்கல் விளையாட்டு எல்லாம் போன வருஷம் மாதிரியே ஓடுச்சு, வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாருங்க. அதனால நான் நேரா நம்ம மேல்நிலைத் தண்ணி டேங்க் விஷயத்துக்கு வந்துடறேன், இந்த வருஷம் நம்ம நேரமும் காசும் பெரும்பாலும் அதுக்குத்தான் போச்சு.

கோடையில டேங்க் கழுவ இறங்குனப்பதான் நிலைமை முழுசா தெரிஞ்சுது. அவுட்லெட் பைப்பு செவுத்துக்குள்ள நுழையற எடத்துல ஜிஐ பைப்பு (துத்தநாகம் பூசுன இரும்புக் குழாய்) உளுத்துப்போய், வெளிப்பக்கம் துரு கோடு கோடா எறங்கியிருந்துச்சு, அது மேல பல வருஷமா எம்சீல் வெச்சு வெச்சு அடைச்சிருக்காங்க. அடித்தண்ணி தொறந்து விடற வாஷ்அவுட் வால்வு திரும்பவே இல்ல. மேல் மூடி ஒரு மூலையில தூக்கிக்கிட்டு நிக்குது, அந்த சந்துல கொசு தாராளமா போகும், டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணிதான் புடிக்கும்னு தெரிஞ்சே இத்தன நாள் விட்டுட்டமேன்னு எனக்கு மனசு ரொம்ப சங்கடமா இருந்துச்சு.

கடையில வாங்கி மாட்டிரலாமேன்னு நெறைய பேர் கேட்டீங்க. சின்டெக்ஸ் டேங்கா இருந்தா டேங்க் நிப்பிளும் வாஷரும் எந்த ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும். நம்மளுது கான்க்ரீட் டேங்க், செவுத்து கனத்துக்கு ஏத்த நீளத்துல பைப்பு வேணும், அது நடுவுல ஒரு வட்டத் தகடு சுத்தி வெல்டு பண்ணியிருக்கணும், அதுக்குப் பேரு படில் பிளேட். தண்ணி பைப்போட வெளிப்பக்கத்த புடிச்சுக்கிட்டே கான்க்ரீட்டுக்குள்ள ஊர்ந்து வெளிய வரும், நடுவுல இந்தத் தகடு நின்னா அதுக்கு வழி மறிஞ்சிரும். பழைய பைப்ப ஒடச்சு எடுத்தப்ப பார்த்தா அதுல இந்தத் தகடே இல்லீங்க, ஒழுகுனதுக்கு காரணம் அங்கயேதான் இருந்துச்சு.

கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில பேசினோம். நம்ம கோயமுத்தூர்ல பம்புக்கும் மோட்டாருக்கும் சாமான் செய்யற பட்டறைக்கு பஞ்சமே இல்ல, ஆனா ஒண்ணு ரெண்டு பீஸ் மட்டும் செஞ்சு குடுங்கன்னா பாதிப் பேர் ஒத்துக்க மாட்டாங்க. இந்த அண்ணன் ஒத்துக்கிட்டார், அதோட அவரே டேங்க் மேல ஏறி அளவு எடுத்தார். மேன்ஹோல் வாய், அதாவது ஆள் உள்ள எறங்கற வழி, சதுரம்னு நெனச்சு நாங்க நாலு பக்கம் மட்டும் டேப் புடிச்சு எழுதி வெச்சிருந்தோம், அவர் மூலைக்கு மூலை புடிச்சுப் பார்த்தார், ரெண்டு அளவும் ஒத்துவரல, அதாவது வாய் கோணலா இருக்கு. அதனால அட்டையில அச்சு வெட்டி எடுத்துட்டுப் போய் அதுக்குத் தக்கன மூடிய செஞ்சார், சுத்தி விளிம்ப கீழ மடக்கி விட்டதால மழைத்தண்ணியும் உள்ள எறங்காது.

மெட்டீரியல்ல கொஞ்சம் வாக்குவாதம் வந்துச்சு. எஸ்எஸ்ல, அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல்ல, 304ங்கற ரகம் போதும்னு சிலர், 316 தான் வேணும்னு சிலர். சிறுவாணித் தண்ணி மட்டும்னா 304 தாராளமா தாங்கும், ஆனா கோடையில நாம போர் தண்ணியையும் அதே டேங்குக்குத்தான் ஏத்தறோம், உப்புல இருக்கற குளோரைடு எஸ்எஸ்ஸ புள்ளி புள்ளியா குத்தி ஓட்டை போடும், 316ல மாலிப்டினம் சேர்த்திருக்கறதால அத நல்லா தாங்கும். தண்ணியிலயே கெடக்கற பைப்புக்கு 316, மூடிக்கும் ஓவர்ஃப்ளோ வலைக்கும் 304ன்னு முடிவு பண்ணுனோம். காந்தம் வெச்சுப் பார்த்து வாங்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, மட்டமான 202ம் காந்தத்துல ஒட்டாது, டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டுத்தான் வாங்கணும்.

நாங்க பண்ணுன தப்பையும் சொல்லிடறேன். ரெண்டு இன்ச் வால்வ முன்னாடியே ஒரு கடையில வாங்கி வெச்சுட்டோம், மாட்டும்போது மூணு சுத்து சுலபமா போச்சு, அப்புறம் இறுகி நின்னுருச்சு. பிளம்பர் பெரிய ஸ்பேனர் எடுத்துட்டார், பட்டறை அண்ணன்தான் கையப் புடிச்சு நிறுத்துனார். நம்ம பைப்புல வெட்டுனது பிஎஸ்பி மரை, இன்ச்சுக்கு 11, கோணம் 55 டிகிரி. வால்வுல இருந்தது என்பிடி, இன்ச்சுக்கு 11.5, கோணம் 60. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அழுத்தித் திருகுனா மரை போயிரும், எவ்வளவு டெஃப்லான் சுத்துனாலும் ஒழுகும். திருப்பிக் குடுத்து மாத்தி வாங்க நாலு நாள் ஆச்சு, அத்தன நாள் குடத்தோட நின்ன எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்.

இன்னொண்ணு, பைப்ப டேங்குக்குள்ளயே வெச்சு வெல்டு பண்ணிரலாம், அலைச்சல் மிச்சம்னு ஒரு பேச்சு வந்துச்சு. நான் கண்டிப்பா முடியாதுன்னுட்டேன். எஸ்எஸ் வெல்டு பண்றப்ப விடற ஆர்கான் வாயு காத்த விட கனம், டேங்கு அடியில தேங்கி நிக்கும், வாசனையும் கெடையாது, உள்ள நிக்கற ஆளுக்கு மூச்சுக்காத்து கொறையறதே தெரியாம மயங்கி விழுந்துருவான். வெல்டிங் எல்லாம் பட்டறையில முடிச்சு, டேங்குல போல்ட் போடறதும் க்ரவுட் (சந்து அடைக்கற சிமெண்ட் கலவை) ஊத்தறதும் மட்டும்தான் செஞ்சோம், அதுக்கும் ஃபேன் வெச்சு, மேல ஒரு ஆள் நின்னுக்கிட்டே இருந்தார்.

முதல்ல வந்த பீஸ்ல ரெண்டு வாரத்துல வெல்டு ஓரமா செந்துரு புள்ளி வந்துச்சு. எஸ்எஸ்ல எப்படிங்க துருன்னு பயந்துட்டோம். இரும்பு தேய்ச்ச அதே கிரைண்டிங் வீல்ல இதையும் தேய்ச்சிருக்காங்க, அந்த இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டுத்தான் துரு. பிக்ளிங் பேஸ்ட் போட்டு நல்லா கழுவுனதும் போயிருச்சு, அது ஆசிட், பட்டறையில கையுறை போட்டுத்தான் செய்யணும், வீட்ல யாரும் முயற்சி பண்ண வேணாம்.

புது எஸ்எஸ் பைப்பும் கீழ போற பழைய ஜிஐ லைனும் நேரா தொட்டா ஜிஐ சீக்கிரம் அரிச்சுரும், அதனால ரெண்டு ஃபிளாஞ்சுக்கும் (போல்ட் போட்டு இணைக்கற பைப்பு முனைத் தகடு) நடுவுல ரப்பர் கேஸ்கெட், போல்ட்டுக்கு பிளாஸ்டிக் ஸ்லீவ், நட்டுக்கு அடியில பிளாஸ்டிக் வாஷர் போட்டிருக்கு. யாராச்சும் பின்னாடி கழட்டுனா இத தூக்கிப் போட்ராதீங்க. சணலும் ரெட் லெட்டும் வெச்சு இறுக்கற பழைய வழக்கத்தையும் விட்டாச்சு, ரெட் லெட்ல ஈயம் இருக்கு, குடிக்கற தண்ணியில அது வேணாம்.

அவுட்லெட்ட டேங்க் அடித்தரையில இருந்து நாலு இன்ச் மேல தூக்கி வெச்சோம், மண்டி எல்லாம் வீட்டுக் குழாய்க்கு வராம அடியில தங்கும், வாஷ்அவுட் தரையோட ஒட்டி இருக்கறதால அத தொறந்தா மண்டி முழுசா போயிரும். டேங்க நெறப்பி வால்வ மூடி ராத்திரி முழுக்க வெச்சோம், காலையில வெளிச்செவுரு காஞ்சு கெடந்துச்சு. நான் கையால தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லீங்க.

வர்ற வருஷம் ரெண்டு வேலை பாக்கி இருக்கு: ஏணி துருப்புடிச்சிருக்கு, மாத்தணும், கீழ்த்தொட்டி மூடியும் இதே மாதிரி செய்யணும். டேங்க் மூடியோட அட்டை அச்சும், பைப்பு நீளம், ஃபிளாஞ்ச் ஓட்டை அளவு, மரை வகை எல்லாம் எழுதுன படமும் சங்க அலமாரியில நீலக் கலர் ஃபைல்ல இருக்கு. குடம் குடமா தண்ணி தூக்கிக் குடுத்த மூணாவது வீதிப் பசங்களுக்கும், வேலைக்காரங்களுக்கு தினமும் சாப்பாடு போட்ட அக்காவுக்கும் சங்கம் சார்பா ரொம்ப நன்றிங்க.

செயலாளர்