டம்ளர் கழுவும் கூலி என் கணக்கு

மதுரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தை மாதம் மகள் கல்யாணம் என்றதும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில் பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க என்ன செய்கிறோம் என்று கேட்டிருந்தாய்.

கடைக்குப் பை கொண்டுபோவது பெரிய சங்கதி இல்லை. மஞ்சப்பை ஸ்கூட்டர் பெட்டியிலேயே கிடக்கிறது. ஆனால் ஜவுளிக்கடையில் துணி மாதிரியே ஒரு பை கொடுப்பார்கள், நம்பிவிடாதே. நெய்யாத பை அது, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் அதுவும் உண்டு.

பால் பாக்கெட்டை மட்டும் தவிர்க்க முடியவில்லை. கமலா அதன் முனையைத் தனியே வெட்டி எடுப்பதில்லை. துண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும்படி கீறுகிறாள். நகமளவு துண்டை யார் பொறுக்கப் போகிறார்கள், நேரே சாக்கடைக்குத்தான் போகும். காலி பாக்கெட்டை அலசி, கொடியில் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். பிஸ்கட், சிப்ஸ் உறைகளை அவர் தொடுவதே இல்லை. பளபளக்கும் அந்த உறைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வாங்காமல் இருப்பதுதான் வழி. பேரனுக்குச் சேவும் கடலை மிட்டாயும் டப்பா கொண்டுபோய் வாங்கி வருகிறேன். ஷாம்பு சாஷேக்குப் பதில் சீயக்காய். என் தலைக்கு அதுவே அதிகம்.

ஹோட்டலுக்கு டிபன் கேரியர். கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாத்திரம் நீட்டினால் சாம்பாரும் கூட ஒரு கரண்டி விழுகிறது.

இப்போது கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். பந்தியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்துவிடாதே, பாதி குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் கிடைக்கும். சமையல்காரர் பேப்பர் கப் என்பார், ஒத்துக்கொள்ளாதே. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. அதுவும், மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் அதே தடைப் பட்டியலில் இருக்கின்றன. தாம்பூலத்துக்குத் துணிப்பையை இப்போதே சொல்லிவை, கடைசி நேரத்தில் அகப்படாது.

டம்ளர் கழுவ ஆள் கூலியா என்று சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தால், அதை நான் கொடுத்துவிடுகிறேன். மொய்யில் கழித்துக்கொள்வேன், சரியா?

அன்புடன்,
ராமு