ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. மலைப்பாதையில் இருமுறை குப்பை அகற்றினோம். மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடந்தது. ஜூலையில் அந்துப்பூச்சி வாரத்துக்கு, பூச்சிகளை வரவழைக்க வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தோம்.

செயலாளர் சங்க வேலையை விட்டு ஒரு பூச்சிக்குப் பின்னால் அலைகிறார் என்று பேச்சு இருக்கிறது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். சேலம் கஞ்சமலையின் வறண்ட சரிவில், கிலுகிலுப்பைச் செடி முளைத்த இடங்களில் இருக்கிறது அது. யூட்டெத்தீசா என்ற அந்துப்பூச்சி. வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டுகள். விரித்தால் மூன்று சென்டிமீட்டர் தேறும். பகலிலும் பறக்கும். புல்லைக் கலைத்தால் எழும்பி, நாலடி தள்ளி உட்காரும். இதன் புழு கிலுகிலுப்பை இலையைத் தின்னும். பச்சைக் காயைத் துளைத்து விதையையும் தின்னும். கிலுகிலுப்பை இனமான சணப்பையைப் பசுந்தாள் உரத்துக்கு விதைப்பவர்கள் இந்தப் புழுவைப் பார்த்திருப்பார்கள். செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதுதான் இதற்குக் காவல். அமெரிக்காவில் இதன் உறவுப் பூச்சி வலையில் விழுந்தால், சிலந்தியே நூலை அறுத்து விட்டுவிடுவதைத் பூச்சியியல் அறிஞர் தாமஸ் ஐஸ்னர் பதிவு செய்திருக்கிறார்.

ஆகஸ்டில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நம்மவர்களே கிலுகிலுப்பையைக் களை என்று பிடுங்கிவிட்டு 60 மரக்கன்று நட்டார்கள். பங்குனி வெயிலுக்குத் தப்பியவை 9. செடி போன இடத்தில் அதன்பின் ஒரு பூச்சியையும் நான் பார்க்கவில்லை. மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. புல்லும் புதருமான சரிவு வெறும் தரிசு இல்லை, அதுவும் ஒரு காடுதான் என்கிறேன்.

ஞாயிறுதோறும் நடக்கும் பூச்சிக் கணக்கெடுப்புக்கு உறுப்பினர்கள் 42 பேரில் ஒருமுறையாவது வந்தவர்கள் 6 பேர். மார்கழி முழுக்க நானும் என் மகளும்தான் போனோம்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. 19 பேர் சந்தா பாக்கி, சிலர் மூன்று ஆண்டாக. துணிக்கும் விளக்குக்கும் ஆன செலவை நானே கொடுத்தேன், இன்னும் கேட்கவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த மண்டபத்தாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் என்னையே தொடரச் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் மீதமிருக்கும் கிலுகிலுப்பையை யாரும் தொடக்கூடாது, கூட நடக்க நாலு பேராவது வேண்டும். முதல் கணக்கெடுப்பு கார்த்திகை இரண்டாம் ஞாயிறு, காலை 7 மணிக்கு, அடிவாரத்தில். சந்தாவையும் அங்கேயே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்