மீன் ஏறும் வழிக்கும் நிதி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆற்றை மறித்து எதைக் கட்டினாலும், மீன் ஏறி இறங்கும் வழிக்கான பணமும் அதே மதிப்பீட்டில் சேர வேண்டும். முன்பே அடைபட்ட வழிகளைத் திறக்கத் தனி நிதி வேண்டும்.

விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற குஞ்சாகக் கழிமுகத்துக்கு வந்து, ஆற்றில் ஏறி வளர்கிறது. முட்டையிட மறுபடி கடலுக்கே போகிறது. ஆற்று இறால் வாழ்வது நன்னீரில், ஆனால் அதன் இளங்குஞ்சு பிழைப்பது உப்புக் கலந்த நீரில். அதனால்தான் நமது குளங்களில் அது தானாகப் பெருகுவதில்லை. பொரிப்பகக் குஞ்சுகளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டியிருக்கிறது. அடைபட்ட வழிக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அமெரிக்காவின் 2021 உட்கட்டமைப்புச் சட்டம், வீதிக்கு அடியிலுள்ள மதகுகளை மீன் போகும்படி திருத்த மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு பில்லியன் டொலர் ஒதுக்கியது. பெரிய அணைகளையே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இது முக்கியம். குழாய் மதகின் கீழ்வாயில் வெள்ளம் மண்ணை அரித்துவிட, குழாய் அந்தரத்தில் தொங்கும். ஒரு சாண் உயரம் போதும், சிறு மீன் அங்கேயே நின்றுவிடும். புதிய குழாயின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் படுகைக்குக் கீழே புதைத்து, உள்ளே கல்லும் மணலும் தங்க விட வேண்டும். தொங்கும் பழைய குழாய்க்குக் கீழே கல் அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தினாலே பல இடங்களில் போதும்.

அணைக்கட்டுகளில் மீன் ஏறுவதற்குப் படிப்படியாக நீர்த்தொட்டிகளை அமைப்பார்கள்; அதுதான் மீன்வழி. அதில் அடிக்கடி நடக்கும் தவறு, பாய்ந்து ஏறும் பெரிய மேல்நாட்டு மீனான சால்மனுக்கு வரைந்த திட்டத்தை அப்படியே கொண்டுவருவது. தொட்டிக்குத் தொட்டி 30 சென்ரிமீற்றர் இறக்கம் வைத்தால் நீர் வினாடிக்கு 2.4 மீற்றர் வேகத்தில் பாயும். விரல் நீளக் கெண்டை அதில் ஏறாது. 10 சென்ரிமீற்றரில் வேகம் 1.4 மீற்றர், 5 சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 1 மீற்றர். இரண்டு மீற்றர் அணைக்கு 10 சென்ரிமீற்றராக 20 இறக்கங்கள் வரும். நீளமும் செலவும் கூடும்தான். அதைக் குறைக்கப் போனால் மிஞ்சுவது மீன் ஏறாத கொங்கிறீட். மீன்வழியின் வாசலும் மீன் வந்து முட்டி நிற்கும் அணையடியிலேயே இருக்க வேண்டும்; தள்ளி வைத்தால் மீன் அதைக் கடந்துபோய் அணையில் முட்டும். விலாங்குக் குஞ்சுக்குத் தொட்டிகூடத் தேவையில்லை. தூரிகை மயிர் பதித்த சரிவான தட்டில் நீர் கசிந்தால் ஊர்ந்து ஏறிவிடும்.

இறங்கும் வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிறு நீர்மின் நிலையத்தின் நீர் எடுக்கும் வாயிலில் கம்பி இடைவெளி அகலமானால், கடலுக்குத் திரும்பும் முதிர்ந்த விலாங்கு சுழலியில் வெட்டுப்படும். இடைவெளி 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். பக்கத்திலேயே தப்பிப்போக ஒரு திறப்பும் வேண்டும்.

நன்கொடையாளர்கள் கட்டுவதற்குக் கொடுப்பார்கள், துப்புரவாக்கக் கொடுப்பதில்லை. ஒரு பருவமழை போதும், கிளையும் பிளாஸ்ரிக்கும் மணலும் தொட்டிகளை அடைத்துவிடும். ஆகவே ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். மேலே ஏறிய மீனை எண்ணிக் காட்டிய பிறகே கடைசித் தவணை கொடுபட வேண்டும்.

எல்லாத் தடையையும் கண்ணை மூடிக்கொண்டு திறக்கவும் கூடாது. கீழேயுள்ள அந்நிய மீன்கள், மலையோடைகளில் ஒதுங்கி வாழும் நமது உள்ளூர் மீன்களிடம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

முதலில் களனி கங்கையின் ஒரு கிளையாற்றை எடுத்து, மட்டக்குளிக் கழிமுகம் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு தடையின் உயரம், உரிமையாளர், கோடைகால நீரோட்டம் ஆகியவற்றைப் பதிய நிதி கொடுங்கள். திறப்பதும் கீழிருந்தே தொடங்கட்டும். கீழே ஒன்று அடைத்திருக்க மேலே செலவழிக்கும் பணம் வீண்.

இப்படிக்கு,
நன்னீர் மீன்வளத் துறையில் பணியாற்றும் வாசகர்கள்,
கொழும்பு 06