வெள்ளம் எந்தப் படி வரை வந்தது? ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் புவியியலை நம் பள்ளிக்கு அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கொண்டே படிக்கவிருக்கிறார்கள். அதற்கு உங்கள் உதவி தேவைப்படுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தாளையும், இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையதளத்தில் உள்ள செயற்கைக்கோள் படத்தையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் இந்தச் சதுப்பு நிலத்தில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் மட்டுமே. தென்சென்னையின் ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கலங்கல் எனும் உபரிநீர்ப் போக்கி வழியே வழியும் நீர் இங்கு வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீரோடை வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. நீர் பல திசைகளிலிருந்து வருகிறது. வெளியேறும் வழியோ குறுகியது. தேங்கும் இடம் சுருங்கியபின் அந்த நீர் எங்கே போயிற்று என்பதை 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நாம் வீட்டுவாசலிலேயே கண்டோம்.

ஆனால் வரைபடம் மட்டும் போதாது. 50,000க்கு 1 என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த தாளில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளுக்கிடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் மட்டுமே உள்ள நம் தெருக்களெல்லாம் இரு கோடுகளுக்கு நடுவில் அடங்கிவிடுவதால், ஒரு வீட்டுக்குள் நீர் புகுவதையும் பக்கத்து வீடு தப்புவதையும் தீர்மானிக்கும் அந்த அரை மீட்டர் அதில் தெரிவதில்லை. அது உங்கள் நினைவில்தான் இருக்கிறது. ஆகவே நீர் எந்தப் படி வரை ஏறியது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது என்று பிள்ளைகள் கேட்கும்போது, நேரம் ஒதுக்கிப் பதில் சொல்ல வேண்டுகிறேன். வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் காட்டும் அடையாளங்களைக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிரப்பிய குழாயான டியூப் லெவலைக் கொண்டு ஒப்பிட்டு அளந்து, மாணவர்கள் தாங்களே ஒரு வரைபடம் தயாரிப்பார்கள்.

நம்மில் பலர் வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டு இப்பகுதியில் வீடு வாங்கியவர்கள் என்பதை நான் அறிவேன். எந்தக் குடும்பத்தையும் குறைசொல்லும் பாடமாக இது அமையாது என்று உறுதியளிக்கிறேன். எந்த வீட்டின் கதவு எண்ணும் வரைபடத்தில் இடம்பெறாது.

சனிக்கிழமை காலை ஆசிரியர்களுடன் சதுப்பு நிலத்தின் ஓரச் சாலை வரை களப்பயணம் செல்கிறோம். யாரும் நீரில் இறங்க மாட்டார்கள். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வெள்ள நாட்களில் எடுத்த புகைப்படங்கள் இருந்தால் அவற்றின் நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்