பதிவு இலாகாவில் வழி சொன்ன ஐயாவுக்கு

பினாங்கு தேசியப் பதிவு இலாகாவில் என் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெரியவருக்கு நன்றி. தாத்தா பாட்டியின் திருமணப் பதிவைத் தேடுகிறேன் என்றதும், "எந்த வருடக் கல்யாணம்?" என்று கேட்டீர்கள். 1982 மார்ச் 1-இல் மலேசியாவின் புதிய திருமணச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன், கோயிலில் தாலி கட்டிய பலர் அரசாங்கத்தில் பதிந்ததே இல்லை என்று பொறுமையாக விளக்கினீர்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். பெரியம்மாவின் பத்திரத்தில் இருவர் பெயரும் கிடைத்தன. கூடவே, வீட்டில் யாருமே வாய் திறக்காத ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரும்! இனி அந்தத் தோட்டத்துக் கோயில் ஏட்டைத் தேட வேண்டும். அன்று பேசி முடிப்பதற்குள் உங்கள் வரிசை எண்ணை அழைத்துவிட்டார்கள், உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எங்காவது பார்த்தால் தே தாரிக் தேநீர் என் செலவு, ஐயா.