குளத்தை வெட்ட முதல் அளந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்துப் பிரதேச சபைகளுக்கும், கமநல சேவை நிலையங்களுக்கும், கமக்காரர் அமைப்புகளுக்கும், ஊர்க்குளத்துக்கெனப் பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகளுக்கும்,

வணக்கம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழையைக் குளங்கள் பிடித்து வைத்தால்தான் சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நன்னீர் ஊறும். அந்தக் குளங்கள் தூர்ந்து வருகின்றன, தூர்வாரத்தான் வேண்டும். ஆனால் தூர்வாரல் என்ற பெயரில் பல இடங்களில் மண் அகழ்வே நடக்கிறது.

காரணம் பணம் கொடுக்கும் முறை. லோட் கணக்கில் காசு கொடுத்தால் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) இலகுவாக வெட்டக்கூடிய, விலைபோகும் மண்ணைத்தான் தேடிப் போகும். வாய்க்கால் வாயில் சேறு அப்படியே கிடக்க, நடுக்குளத்து நல்ல களி டிப்பரில் ஏறிவிடும். வேலைக்கு முன்னும் பின்னும் குளத்தடியின் மட்டம் எடுத்து, அந்த வித்தியாசத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

அளப்பது பெரிய செலவில்லை. குளம் வற்றும் ஜூலையில் 20 மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் புள்ளி குறியுங்கள். 2 ஹெக்டேயர் குளத்தில் சுமார் 50 புள்ளிகள் வரும். மிகைநீர் வழிந்தோடும் வான்கட்டின் மேல்முகத்தை நிலையான மட்டமாக வைத்து ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எழுதுங்கள். பிறகு 12 மில்லிமீற்றர் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈர வண்டலில் வழுக்கி இறங்கும் கம்பி, பழைய தரையில் இறுகி நிற்கும். காய்ந்த வண்டலும் கம்பியைத் தடுக்கும் என்பதால் நாலைந்து இடங்களில் குழி வெட்டியும் பார்க்கவேண்டும். வண்டல் கறுப்பாக, வேரும் சிப்பியும் பொலித்தீனும் கலந்து கிடக்கும். அதன் கீழே இறுகிய களி தொடங்கும் இடத்தில் பெக்கோ நிற்கவேண்டும்.

வண்டல் சராசரி 30 சென்ரிமீற்றர் என்றால் அந்தக் குளத்தில் 6,000 கன மீற்றர் மண் இருக்கிறது. 60 இலட்சம் லீற்றர் நீரின் இடத்தை அது பிடித்திருக்கிறது. வெட்டிய மண் உப்பிக் கால்வாசி கூடும்; 3 கியூப் (சுமார் 8.5 கன மீற்றர்) டிப்பரில் ஏறத்தாழ 880 லோட். இந்தக் கணக்கு ஊரவர் கையில் இருந்தால், 1,500 லோட் போகும்போது மறித்துக் கேட்கலாம்.

களியைத் தாண்டினால் கல். கல்லில் வெடிப்பும் பொந்தும் உண்டு. சித்திரை வரை நிற்கவேண்டிய நீர் மாசியிலேயே இறங்கிவிடும். நிலத்துக்குள்தானே போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். தெருவடிகாலும் மலக்கழிவும் கலந்த நீர் மண்ணில் வடிபடாமல் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு நேரே போவதை எங்களால் ஏற்க முடியாது. கல்லுக்கு மேல் 30 சென்ரிமீற்றர் களியாவது விடுங்கள். கல் வெளிப்பட்டுவிட்டால் ஈரக் களியை 15 சென்ரிமீற்றர் படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்கி மூடுங்கள். காய்ந்த களிக்கட்டியைக் கொட்டி மேலால் பெக்கோவை ஓட்டுவது போதாது. கட்டிகளுக்கு இடையே நீர் வழி கண்டுபிடிக்கும்.

குளக்கட்டின் அடியிலிருந்து 5 மீற்றராவது விட்டு, 1:3 சாய்வில் (3 மீற்றர் உள்ளே போக 1 மீற்றர் ஆழம்) இறங்குங்கள். கட்டு உயரமென்றால் இன்னும் தள்ளிப் போகவேண்டும். அடியைத் தோண்டினால் கட்டு சரியும். வாரிய சேற்றைக் கட்டின் மேல் கொட்டவும் கூடாது; முதல் மழையோடு அது திரும்பக் குளத்துக்குள் வந்துவிடும்.

வண்டல் வரும் வழியை அடைக்காமல் தூர்வாருவது வீண்செலவு. வாய்க்கால் வாயில் ஒரு மண்தடுப்புக் குழி கட்டுங்கள். நுண்மணல் நீரில் செக்கனுக்குச் சுமார் 8 மில்லிமீற்றர் வேகத்தில் அடியில் இறங்கும். வாய்க்காலில் செக்கனுக்கு 200 லீற்றர் வந்தால் 25 சதுர மீற்றர் பரப்பு வேண்டும். நீர்ச்சுழிப்பை நினைத்து இரட்டிப்பாக, 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழம் வையுங்கள். களித்துகள் இதில் அடையாது. அதற்கு வாய்க்கால் ஓரத்தில் வெட்டிவேர் வரிசை நடவேண்டும். ஒவ்வொரு செப்டெம்பரிலும் குழியை வெறுமையாக்காவிட்டால் அடுத்த மாரியில் அது வெறும் மேடு. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுபோல குளங்கள் தொடுத்திருக்கும் இடத்தில் மேற்குளத்திலிருந்து தொடங்குங்கள். கீழ்க்குளத்தை முதலில் வாரினால் மேலிருந்து சேறு வந்து நிரப்பும்.

வாரிய வண்டல் வயலுக்கு நல்லது. ஆனால் கடலேரிக்கு அண்மையிலுள்ள குளமென்றால் உப்பும், நகரக் குளமென்றால் பார உலோகமும் சோதித்த பிறகே கொடுங்கள்.

எல்லாவற்றையும் கெடுப்பது காலம். நிதி ஆண்டு டிசெம்பரில் முடிகிறது என்பதற்காக நவம்பர் மழைக்குள் பெக்கோ இறக்கப்படுகிறது. சேற்றில் மட்டமும் எடுக்க முடியாது, களியையும் வண்டலையும் பிரிக்கவும் முடியாது. ஜூலையில் அளவை, ஓகஸ்டில் வெட்டு, செப்டெம்பர் நடுப்பகுதியில் இறுதி அளவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதற்குள் பணம் வராவிட்டால் அந்த வருடம் வெட்டவேண்டாம். அளவைப் படத்தையும் கன அளவையும் வேலை தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே கமநல சேவை நிலையத்திலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீர்ப்பாசன, நில அளவைப் பணிகளில் உள்ள சிலர்,
யாழ்ப்பாணம்.