மடிப்புக்குள் ஒரு 'க'

அன்புள்ள கயல்,

அம்மா எழுதுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கும் நம் ஹாலந்து ஊரில் டுலிப் விழா தொடங்கிவிட்டது. 2012 உனக்கு நினைவிருக்கும். மார்ச்சிலேயே வெயில் கொளுத்தி, மே மாதம் விழா வந்தபோது தெருவெல்லாம் வெறும் காம்பு. இந்த வருஷம் அப்படியில்லை. பன்னிரண்டாம் தெரு நெடுகச் சிவப்பும் மஞ்சளும்தான்.

1927-ல் லிடா ராஜர்ஸ் என்ற உயிரியல் டீச்சர் சொன்ன யோசனை இது. அடுத்த வருஷமே நகராட்சி ஒரு லட்சம் கிழங்கு வாங்கி நட்டது. ஒரு டீச்சர் சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்பா காற்றாலைக்குப் போய் ஒரு பை கோதுமை மாவு வாங்கி வந்தார். 1964-ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆலை, இன்றும் அரைக்கிறது. நேற்று அந்த மாவில்தான் சப்பாத்தி.

சொல்ல வந்தது வேறு. விழாவில் பள்ளிப் பிள்ளைகளோடு நீ டச்சு நடனம் ஆடிய வருஷம் அந்த டச்சு உடுப்பை நான் எத்தனை ராத்திரி உட்கார்ந்து தைத்தேன்! பாவாடை நீளம், மடிப்பு, தொப்பி எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். தோடு, நகப்பூச்சு எதுவும் கூடாது. ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. பாவாடையின் ஓர மடிப்புக்குள், வெளியே தெரியாத இடத்தில், சிவப்பு நூலால் ஒரு 'க' தைத்து வைத்திருந்தேன்.

பள்ளி முடிந்ததும் அந்த உடுப்பைக் கொடுத்துவிட்டோம் அல்லவா? நேற்று சென்டென்னியல் பார்க் பக்கம் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் நடைபாதை ஓரம் உட்கார்ந்தார்கள். என் பக்கத்தில் ஒருத்தி மரச்செருப்பைக் கழற்றக் குனிந்தாள். பாவாடை ஓரம் புரண்டது. அந்த 'க'!

எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு மெல்லச் சொன்னேன், இதைத் தைத்தது நான்தான் என்று. இது என்ன குறியோ என்று வீட்டில் எல்லோரும் யோசித்தார்களாம். பிரிக்க மனசு வராமல் விட்டுவிட்டார்களாம். "எழுத்து, என் மகள் பேரின் முதல் எழுத்து" என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். 'கா' என்றுதான் வந்தது. போகட்டும்.

அப்புறம் மரச்செருப்பு உறுத்தாமலிருக்கப் போட்டிருந்த காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உன்னைப் போலவே எட்டு ஜோடி, கண்ணு. எண்ணிக்கொண்டே நின்றேன்.

அன்புடன்,
அம்மா